மான்டர்லியின் இரகசியமும் வாசகரின் உடந்தையும்

உளவியல் மர்ம நாவல் என்பது சிதைந்த மனமொன்றின் இருளைத் துருவும் கதை என்று கொள்வது விமர்சகர் பலரிடையே வழக்கமாகிவிட்டது. குடும்பத்தின் புதையுண்ட இரகசியத்தையும், ஒருவரை அலைக்கழிக்கும் வேட்கையையும் மனநோய்க் கூறுகளாகக் காட்டிவிட்டால் விளக்கம் முற்றுப்பெற்றதென அவர்கள் கருதுகின்றனர். இக்கருத்து பிழையானது மட்டுமன்றித் தீங்கானதுமாகும். இரகசியத்தைப் புதைத்தவர் யார், அதனால் நலம் பெற்றவர் யார் என்னும் வினாக்களை அது எழவிடாது தடுக்கின்றது. 1938இல் வெளிவந்து பெரும்புகழ் பெற்ற டாப்னி டு மோரியேயின் ‘ரெபெக்கா’ இதற்குத் தக்க சான்றாகும்.

சீமாட்டி ஒருத்திக்குக் கூலித் துணையாக மொன்டி கார்லோவுக்கு வந்த, பெயர் சுட்டப்படாத இளம்பெண் மான்டர்லி மாளிகையின் உரிமையாளனான மாக்சிம் டி வின்டரை மணக்கின்றாள். மாளிகையிலோ இறந்துபோன முதல் மனைவி ரெபெக்காவின் நினைவே ஆட்சி செய்கின்றது. அந்நினைவைப் பேணிக் காப்பவள் பணியாளர் தலைவியான டான்வர்ஸ். ரெபெக்காவைச் சுட்டுக்கொன்று, உடலைப் படகிலிட்டுக் கடலில் அமிழ்த்தியவன் மாக்சிமே என்பது பின்னர் வெளிப்படுகின்றது.

டான்வர்ஸின் பற்றினை நோயென்று கூறுவோர் பலர். மாக்சிமின் பற்றினை அவ்வாறு கூறுவோர் எத்தனை பேர்? அவனும் வெறிகொண்டவனே, மாளிகையின்மீது வெறிகொண்டவன். மணமான சில நாள்களிலேயே ரெபெக்காவின் இயல்பை அறிந்தும், மணமுறிவு வழக்கில் குடும்பப் பெயர் இழுபடுவதற்கு அஞ்சி, மான்டர்லியை அவள் சிறப்புற நடத்துவாள் என்னும் உடன்பாட்டுக்கு அவன் இணங்குகின்றான். ஆகவே இவ்விரகசியம் ஒரு பேரத்திலிருந்தே தோன்றுகின்றது.

கொலையின் உடனடிக் காரணமும் அத்தகையதே. பிறனொருவனின் பிள்ளை மான்டர்லிக்கு வாரிசாகும் என்றும், அப்பிள்ளை அவனுடையதன்று என நிறுவ அவனால் இயலாதென்றும் ரெபெக்கா ஏளனஞ் செய்கின்றாள். உண்மையில் அவள் கருவுறவில்லை, புற்றுநோய்க்கு இரையாகிக்கொண்டிருந்தாள். மணவுறவுக்குள் பிறந்த பிள்ளை கணவனுடையதே எனக் கொள்ளும் சட்ட ஊகத்தையும், பரம்பரை மாளிகை தந்தைவழியே இறங்கவேண்டும் என்னும் நிலவுடைமை மரபையும் புறக்கணித்துவிட்டு இக்கொலையை விளங்கிக்கொள்ள இயலாது. பொறாமை என்று மட்டும் இதனை விளக்குவோர் துப்பாக்கிக்குப் பின்னால் நின்ற சொத்துரிமையைக் காணத் தவறுகின்றனர்.

ரெபெக்கா கொடியவள், ஆதலின் மாக்சிம் இரக்கத்துக்குரியவன் என்பர் சிலர். அவளது கொடுமை பற்றி நாம் அறிவதிற் பெரும்பகுதி அவளைக் கொன்றவனின் வாய்மொழியாகவே வருகின்றது. இறந்தவளுக்கு மறுமொழி கூறும் வாய்ப்பில்லை. அவ்வளவும் மெய்யென்றே கொண்டாலும், மனைவிக்கு மரணதண்டனை விதிக்கும் அதிகாரத்தைக் கணவனுக்கு வழங்கியவர் யார்?

வாசகரே அதனை வழங்குகின்றனர். கொலையைக் கேட்டறிந்த இரண்டாம் மனைவி அதனால் அதிர்வதிலும் பார்க்க, கணவன் ரெபெக்காவை நேசிக்கவில்லை என்பதிலேயே ஆறுதல் கொள்கின்றாள். அவள் கண்கொண்டு கதையைக் காணும் வாசகரும் விசாரணையில் அவன் தப்பவேண்டுமே என்று துடிக்கின்றனர். 1940இல் அல்பிரட் ஹிச்கொக் இதனைத் திரைப்படமாக்கியபோது, மனைவியைக் கொன்றவன் தண்டனையின்றித் தப்புவதை ஹொலிவூட் தணிக்கை விதிகள் ஏற்கவில்லை. எனவே ரெபெக்கா விழுந்து இறந்ததாகக் கதை மாற்றப்பட்டது. நயங்காணும் விமர்சகர் காணாததைத் தணிக்கை விதி கண்டது. ஆயினும் குற்றத்துக்கு நீதி கோருவதற்குப் பதிலாகக் குற்றத்தையே அது அழித்துவிட்டது.

மாளிகை தீக்கிரையாவதே தண்டனை எனலாமா? நாவலின் தொடக்கத்தில் கனவில் மீள்வது மாளிகையே. கொலையுண்ட பெண்ணுக்காக அங்கு எவரும் அழவில்லை. அவளுக்காக அழுத ஒரேயொருத்தி பித்துப்பிடித்தவளாகச் சித்திரிக்கப்படுகின்றாள்.

மர்ம நாவலை மலிவானதென ஒதுக்குவது இதற்குத் தீர்வாகாது. நாம் யாருடைய பக்கம் நிற்கப் பழக்கப்படுகின்றோம் என்பதை ‘ரெபெக்கா’ போல் துலக்கமாகக் காட்டும் நூல்கள் சிலவே. குடும்ப இரகசியம் காக்கப்படும் இடமெங்கும் குடும்பத்தின் பெயரும் உடைமையும் காக்கப்படுகின்றன. அவற்றுக்கு விலையாகக் கொடுக்கப்பட்டவர் யார் என்று கேளாத விமர்சனம், அக்குடும்பத்தின் வழக்கறிஞராகவே தொழிற்படுகின்றது.