எண்ணுக்கு உண்டோ பால் வேற்றுமை?

எண்ணையும் எழுத்தையும் இரு கண்களாகப் போற்றும் மரபு நம்முடையது. அவற்றுள் எண் மட்டும் ஆண்களுக்கே உரியது என்னும் எண்ணம் இன்னும் முற்றிலும் அகலவில்லை. ‘கணித மேதைகளுள் பெண்கள் மிகச் சிலரே, எனவே, பெண்களுக்குக் கணிதம் இயல்பாக வாராது’ என்று முடிவுகட்டுவோர் இன்றும் உளர். ஒரு முடிவை ஏற்குமுன் அதனை நிறுவச் சொல்வது கணிதத்தின் இயல்பு. இம்முடிவு நிறுவத்தக்கதா என்பதைக் கணித வரலாற்றைக் கொண்டே ஆராய்வோம்.

பெயர் மறைத்த பேரறிவு

பாரிசு நகரில் 1776இல் பிறந்த சோஃபி ஜெர்மைனுக்குத் தந்தையின் நூலகமே பள்ளியாயிற்று. 1794இல் அந்நகரில் தொடங்கப்பட்ட உயர்கல்விக்கூடம் பெண்களைச் சேர்த்துக்கொள்ளவில்லை. அங்கு நடைபெற்ற வகுப்புகளின் குறிப்புகளைப் பெற்றுப் படித்த சோஃபி, ‘லெபிளாங்க்’ என்னும் ஆண் பெயரில் தம் கருத்துகளை எழுதிப் பேராசிரியர் லக்ராஞ்சுக்கு அனுப்பினார். எழுதியவரின் திறம் கண்டு வியந்த லக்ராஞ்சு, அவர் பெண் என்று அறிந்தபின்னும் ஊக்கமளித்தார். ஜெர்மானியக் கணித மேதை காஸுக்கும் அதே பெயரில்தான் சோஃபி மடல் எழுதினார்.

11 ஒரு பகா எண். அதனை இரட்டித்து ஒன்றைக் கூட்டினால் கிடைக்கும் 23உம் பகா எண்ணே. ஃபெர்மாவின் இறுதித் தேற்றத்தை ஆராய்ந்தபோது 11 போன்ற பகா எண்களைச் சோஃபி கையாண்டார். இன்று அவை ‘சோஃபி ஜெர்மைன் பகா எண்கள்’ என வழங்கப்படுகின்றன. அதிரும் தகடுகளின் மீட்சிப்பண்பு குறித்த ஆய்வுக்காக 1816இல் பாரிசு அறிவியல் கழகத்தின் பரிசையும் அவர் வென்றார். எனினும், 1889இல் திறக்கப்பட்ட ஈபிள் கோபுரத்தில் பொறிக்கப்பட்ட 72 அறிஞர்களின் பெயர்களுள் பெண்ணின் பெயர் ஒன்றுகூட இடம்பெறவில்லை.

சோஃபியா கோவலெவ்ஸ்காயா ரஷ்யாவில் 1850இல் பிறந்தவர். அவரது வீட்டில் குழந்தைகள் அறையின் சுவருக்கு ஒட்டுதாள் போதாமல், பழைய நுண்கணித விரிவுரைத் தாள்களை ஒட்டியிருந்தனர். புரியாத அக்குறியீடுகளை நெடுநேரம் உற்றுநோக்கி வளர்ந்த அச்சிறுமிக்குப் பின்னாளில் ரஷ்யப் பல்கலைக்கழகங்கள் இடம் தரவில்லை. வெளிநாடு சென்று பயில்வதற்காகவே பெயரளவில் ஒரு திருமணம் செய்துகொண்டு அவர் ஜெர்மனி சென்றார். பெர்லின் பல்கலைக்கழகமும் அவரை வகுப்பறையில் அமரவிடவில்லை. பேராசிரியர் வையர்ஸ்ட்ராஸ் தனியே கற்பித்தார். திண்பொருளின் சுழற்சி குறித்து அவர் எழுதிய ஆய்வுக்கு 1888இல் பாரிசு அறிவியல் கழகம் பரிசளித்தது. எழுதியவர் பெயரை மறைத்து மதிப்பிடும் போட்டி அது. ஆய்வின் சிறப்புக் கருதிப் பரிசுத்தொகை 3000 பிராங்கிலிருந்து 5000 பிராங்காக உயர்த்தப்பட்டது. பெயர் மறைந்திருந்தபோது திறமை மட்டுமே கண்ணுக்குத் தெரிந்தது என்பதை இவ்விருவர் வாழ்வும் உணர்த்துகிறது.

ஊதியமற்ற உழைப்பு

ஜெர்மனியில் 1882இல் பிறந்த எம்மி நோதர், 1907இல் முனைவர் பட்டம் பெற்றபின் எர்லாங்கன் பல்கலைக்கழகத்தில் ஏறத்தாழ ஏழாண்டுகள் ஊதியமின்றிப் பணியாற்றினார். 1915இல் ஹில்பர்ட், கிளைன் ஆகிய அறிஞர்கள் அவரைக் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்திற்கு அழைத்தனர். பெண்ணுக்குக் கற்பிக்கும் உரிமை தரலாகாது என அங்கும் சிலர் தடுத்தனர். ஆகவே, அவர் நடத்திய வகுப்புகள் ஹில்பர்ட்டின் பெயரில் அறிவிக்கப்பட்டன. தம் பெயரிலேயே கற்பிக்கும் உரிமை 1919இல்தான் அவருக்குக் கிட்டியது.

அதற்கு முந்தைய ஆண்டில் அவர் வெளியிட்ட தேற்றம் இயற்பியலின் அடித்தளங்களுள் ஒன்றாயிற்று. ஆற்றல் மாறா விதியை நீங்கள் படித்திருப்பீர்கள். ஆற்றல் ஏன் மாறாதிருக்கிறது? இயற்கையின் விதிகள் நேற்றும் இன்றும் நாளையும் ஒன்றாகவே இருப்பதால்தான் என்கிறது நோதரின் தேற்றம். அவ்விதிகள் இங்கும் அங்கும் ஒன்றாக இருப்பதால் உந்தமும் மாறாதிருக்கிறது. இத்தகைய அறிஞரை, யூதர் என்பதற்காக 1933இல் நாஜி அரசு பணியிலிருந்து நீக்கியது. அமெரிக்கா சென்று கற்பித்த அவர் 1935இல் மறைந்தார்.

கதவுகள் திறந்தபின்

1936 முதல் வழங்கப்படும் ஃபீல்ட்ஸ் பதக்கத்தைப் பெற்ற முதல் பெண் ஈரானில் பிறந்த மரியம் மிர்சாகானி, ஆண்டு 2014. பள்ளி மாணவியாகவே பன்னாட்டுக் கணித ஒலிம்பியாடில் இருமுறை தங்கம் வென்றவர் அவர். ஏபெல் பரிசை 2019இல் அமெரிக்காவின் கேரன் உலன்பெக்கும், ஃபீல்ட்ஸ் பதக்கத்தை 2022இல் உக்ரைனின் மரீனா வியாசோவ்ஸ்காவும் பெற்றனர்.

தமிழ்நாட்டில் வளர்ந்து சென்னையில் பயின்ற இராமன் பரிமளா, இயற்கணித ஆய்வுக்காக 1987இல் சாந்தி சுவரூப் பட்நாகர் விருது பெற்றார். ஐதராபாத்தில் 2010இல் நடைபெற்ற உலகக் கணித மாநாட்டில் பேருரை நிகழ்த்தினார். அமெரிக்காவில் எம்மி நோதரின் பெயரால் ஆண்டுதோறும் நடைபெறும் சொற்பொழிவை 2013இல் ஆற்றியவரும் இவரே. தம் பெயரில் வகுப்பெடுக்க இயலாதிருந்த ஒருவரின் பெயரால் அமைந்த மேடையில் தமிழ்நாட்டுப் பெண் ஒருவர் நின்று பேசினார்.

விடுபட்ட பெயர்கள்

இவர்களைப் போற்றுவதோடு நம் கடமை முடிந்துவிடாது. சோஃபி ஜெர்மைன் வீட்டில் நூலகம் இருந்தது. கோவலெவ்ஸ்காயா வீட்டுச் சுவரே பாடம் சொன்னது. நோதரின் தந்தை கணிதப் பேராசிரியர். நூலும் துணையும் வாய்த்தவர்களே இத்தனை தடைகளைத் தாண்ட வேண்டியிருந்தது எனில், அவை வாய்க்காத எத்தனை பெண்களின் திறமை அடுப்பங்கரையோடு முடிந்திருக்கும்! வரலாற்றில் காணும் பெயர்களின் எண்ணிக்கை, மதிலைத் தாண்டியவர்களை மட்டுமே காட்டும். மதிலுக்கு அப்பால் நிறுத்தப்பட்டோரைக் கணக்கில் கொள்ளாமல் பெண்களின் ஆற்றலை அளப்பது பிழையான கணக்கு.

அம்மதில் இன்று சட்டத்தில் இல்லை, சொற்களில் இருக்கிறது. பதினொன்றாம் வகுப்பில் பாடப்பிரிவைத் தேர்ந்தெடுக்கும் வேளையில், ‘பெண் பிள்ளைக்குக் கணிதப் பிரிவு எதற்கு?’ என்று எழும் ஒரு கேள்வி போதும், ஓர் ஆய்வாளரை நாம் இழப்பதற்கு. அக்கேள்வி உங்கள் வீட்டிலோ வகுப்பிலோ எழுந்தால், சான்று கேளுங்கள். உங்கள் தங்கையோ தோழியோ ஒரு கணக்கோடு போராடும்போது, ‘உனக்கு வராது’ என்னாமல் அருகில் அமர்ந்து அடுத்த படியைச் சேர்ந்து தேடுங்கள்.