கைப்பை நீக்கினால் கலவை ஏது?

மதுவைப் பற்றித் தமிழில் எழுதப் புகுவோர் பெரும்பாலும் இரண்டு வழிகளுள் ஒன்றைத் தேர்கின்றனர். ஒரு சாரார் வள்ளுவரின் கள்ளுண்ணாமை அதிகாரத்தை முன்வைத்துக் கண்டிப்பர்; மற்றொரு சாரார் நறவும் தேறலும் தோப்பியும் மணக்கும் சங்கப் பாட்டுகளைச் சொல்லி மகிழ்வர். இரு சாராரும் பேசாமல் விடுவது சுவையைப் பற்றி. குடி நன்றா தீதா என்னும் வழக்கை வேறொரு நாளைக்கு வைத்துக்கொள்வோம். வீட்டில் பானம் கலப்போர் இனிப்பையும் கைப்பையும் எவ்வாறு நிறுத்த வேண்டும் என்பது குறித்து மட்டும் இங்கே எம் கருத்தைச் சொல்ல விழைகிறோம்.

நாம் வாழும் பொழிச்சலூர் விமான நிலையத்துக்கு அண்மையில் உள்ள ஊர். அயல்நாட்டிலிருந்து வரும் மைத்துனரோ மருமகனோ ஒரு புட்டியைக் கொண்டுவருவதும், அது அலமாரியின் மேல்தட்டில் ஏறுவதும் இப்பக்கத்து வீடுகளில் புதிதல்ல. விருந்து நாளில் அப்புட்டி இறங்குகிறது. அதனோடு கலக்கப்படுவது எது? கோலா, இல்லையேல் இனித்த எலுமிச்சைச் சோடா. 300 மி.லி. கோலாவில் ஏறக்குறைய 30 கிராம் சர்க்கரை உண்டு. 90 மி.லி. விஸ்கியை, அதாவது நம்மவர் மொழியில் ஒரு 'கட்டிங்'கை, இதில் கலந்தால் நாவுக்குத் தெரிவது சர்க்கரை மட்டுமே. ஆனால் அதிலுள்ள 38 மி.லி. அளவிலான சாராயச் சத்து எங்கும் போய்விடவில்லை. அதை அறிவிக்கும் குரல்தான் அடங்கிப்போகிறது.

இந்தப் பழக்கத்துக்கு ஒரு வரலாறு இருப்பதாக எமக்குத் தோன்றுகிறது. 1937இல் இராஜாஜி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். 1971இல் கருணாநிதி ஆட்சியில் அது தளர்ந்தது, பின்னர் மீண்டும் வந்தது, மீண்டும் தளர்ந்தது. 1983இல் டாஸ்மாக் தோன்றியது. 2003 முதல் சில்லறை விற்பனையும் அதன் கைக்கு வந்தது. பனையும் தென்னையும் தரும் கள்ளுக்கோ 1987 முதல் தடை. விலக்குக்கும் விற்பனைக்கும் இடையே இவ்வாறு ஊசலாடிய ஒரு சமூகம், குடியை மறைவில் விரைந்து முடிக்கும் செயலாகவே கற்றது. மூக்கைப் பிடித்துக்கொண்டு கஷாயம் விழுங்குவதைப் போல மது விழுங்கப்படுகிறது. விழுங்குவதற்குத் துணையாகச் சர்க்கரை வருகிறது. இங்கே நாவுக்கு வேலையே இல்லை.

காக்டெயில் என்னும் சொல் பிறந்த வளர்ந்த கதை இதற்கு நேர்மாறானது. 1806ஆம் ஆண்டு நியூயார்க் மாநிலத்தின் ஹட்சன் நகரில் வெளிவந்த ஓர் இதழில், இச்சொல்லுக்குப் பொருள் என்ன என்று வாசகர் ஒருவர் கேட்டார். சாராயம், சர்க்கரை, நீர், கைப்புச்சாறு ஆகிய நான்கும் சேர்ந்தது என்பது ஆசிரியர் தந்த விடையின் சாரம். அவ்விதழின் பெயரே 'தி பேலன்ஸ்', அதாவது துலாக்கோல்! முதல் மூன்றோடு நின்றால் அதற்கு வேறு பெயர். கைப்புச் சேர்ந்தால்தான் அது காக்டெயில். கைப்பு இங்கே ஒட்டுச் சரக்காக இல்லை, இலக்கணமாகவே இருக்கிறது.

கைப்புக் கலவையின் கதையில் நம் நீலகிரிக்கும் பங்குண்டு. மலேரியாவுக்கு மருந்தான கொயினா, சிங்கோனா மரப்பட்டையிலிருந்து கிடைப்பது. தென்னமெரிக்காவின் அந்த மரத்தை 1860ஐ ஒட்டிய ஆண்டுகளில் கிளமென்ட்ஸ் மார்க்கம் முயன்று இந்தியாவுக்குக் கொண்டுவந்தார். உதகையின் அரசுத் தோட்டப் பொறுப்பிலிருந்த மக்ஐவர் அதை அம்மலையில் வளர்த்தார். நடுவட்டத்தில் கொயினா ஆலையும் எழுந்தது. கொயினாவின் கைப்பைத் தாங்க நீரும் சர்க்கரையும் சேர்த்த டானிக் நீரோடு ஜின் சேர்ந்தபோது 'ஜின் டானிக்' உருவாயிற்று. இன்று கடையில் விற்கும் டானிக் நீரில் கொயினா மிகச் சிறிதளவே, சர்க்கரையோ தாராளம். மருந்து போயிற்று, தேன் மிஞ்சிற்று என்பதே அதன் வரலாற்றுச் சுருக்கம்.

இவ்வளவு தொலைவு போகாமலேயே நம் அடுக்களை இப்பாடத்தைச் சொல்லும். சித்திரை முதல் நாளில் மாங்காயும் வெல்லமும் சேர்ந்த பச்சடியில் வேப்பம்பூவை வறுத்துத் தூவுகிறோம். வெல்லம் வேம்பை அழிப்பதில்லை. இரண்டும் தனித்தனியே நாவில் நின்று, ஒன்றை மற்றொன்று அளக்கின்றன. நெல்லிக்காய் தின்றபின் குடிக்கும் நீர் இனிப்பதைச் சங்கப் புலவரும் அறிந்திருந்தனர். அந்த இனிமை நீரில் இல்லை. முன்னே வந்த துவர்ப்பும் புளிப்பும் ஈட்டித் தந்தது. குறுந்தொகையில் மிளைக் கந்தனார் பாடலில் தோழி தலைவனிடம் கேட்கும் கேள்வியும் இதுவே. அன்று தலைவி வேப்பங்காயைத் தந்தபோது வெல்லக்கட்டி என்றாயே, இன்று பறம்புச் சுனையின் தை மாதத்துத் தண்ணீரைத் தந்தாலும் வெந்நீர், உவர்நீர் என்கிறாயே என்கிறாள். காதல் குறைந்ததைச் சுவையைக் கொண்டு அளக்கும் அந்தத் தோழியைவிடச் சுவை அறிந்தவர் யார்?

ஆகவே எம் கருத்து இது: இனிப்பைக் கூட்டிக் கைப்பை மறைப்பதற்குச் சமநிலை என்று பெயரில்லை. கைப்பு நாவின் காவலாளி. நிதானமாகப் பருகு என்று அதுதான் சொல்கிறது. கைப்புள்ள பானத்தை ஒரே மூச்சில் குடிப்பார் அரியர். இனிப்பானதை அவ்வாறு குடியாதார் அரியர்.

கலப்போர்க்குச் சில நடைமுறைக் குறிப்புகள். இனிப்பைக் கரண்டியால் அளந்தால் கைப்பைத் துளியால் அளக்க வேண்டும். கைப்பு மிகுந்துவிட்டால் உடனே சர்க்கரையைத் தேட வேண்டியதில்லை. ஒரு சிட்டிகை உப்பு அதைத் தணிக்கும். குளிர் இனிப்பைக் குறைத்துக் காட்டும் என்பதால், பனிக்கட்டி இட்ட பின்னரே சுவைத்துப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். அயல்நாட்டுக் கைப்புச்சாறு கிடைக்கவில்லையே என்று வருந்தவும் வேண்டா. நாரத்தங்காயின் தோலை மெல்லச் சீவி வெந்நீரில் பத்து நிமிடம் ஊறவைத்து வடித்தால், மணமும் கைப்பும் ஒருங்கே இறங்கும்.

இதனால் பயன்பெற மதுவே வேண்டும் என்பதும் இல்லை. நன்னாரிப் பாகு 30 மி.லி., எலுமிச்சை அரைமூடி, நாரத்தைத்தோல் நீர் 30 மி.லி., உப்பு ஒரு சிட்டிகை. இவற்றில் 150 மி.லி. சோடாவை ஊற்றிப் பாருங்கள். குடியாதவர் வீட்டு விருந்துக்கு இதைவிடத் தகுந்த பானம் எமக்குத் தெரியவில்லை.

குடியைச் சுவையாக்கச் சொல்வது குடியை வளர்ப்பதாகாதா என்று நண்பர்கள் சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோன நாடு இது. இங்கே கலவை என்றாலே கலப்படம் நினைவுக்கு வருவதில் வியப்பில்லை. குடியாதிருப்பதே நன்று என்பாரோடு எமக்குப் பிணக்கில்லை. ஆனால் இந்நாட்டில் குடியைப் பெருக்கியது சுவை என்று யாரும் சொல்ல மாட்டார். நாவைக் கேளாமல் விழுங்கும் வழக்கமே பெருக்கியது. என்ன பருகுகிறோம், எவ்வளவு பருகுகிறோம் என்பதை நா அறிய வேண்டுமாயின், அதற்குக் கைப்புத் தெரிய வேண்டும்.

இனிப்பு மட்டுமே இருந்த ஆண்டு எவருக்கும் வாய்த்ததில்லை. அதனால்தான் ஆண்டின் முதல் நாளிலேயே நம் முன்னோர் இலையில் வேப்பம்பூவை வைத்தனர். கோப்பையிலும் அதற்கு ஓர் இடம் இருக்கட்டும்.