கார் உள்ளவர் மட்டும் போதுமா?

இலக்கியப் பகுதியிலே மோட்டார்க் காருக்கு என்ன வேலை என்று வாசக அன்பர் சிலர் புருவத்தை நெரிக்கக்கூடும். முல்லைக்குத் தேர் ஈந்த பாரியின் கதையை நாம் ஆண்டுதோறும் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்து வருகின்றோம். தேருக்கு இடமுள்ள பக்கத்திலே காருக்கும் ஓர் ஓரம் கிடைக்கும் என்ற துணிவோடு தொடங்குகிறேன். காரைவிட, காரைச் சூழ நின்ற மனிதரைப் பற்றியே நான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது.

வெள்ளவத்தையிலே பழைய கார்களிற் பற்றுள்ளவர் கூடும் சிறு வட்டம் ஒன்று உண்டு. அதற்குக் கட்டடம் இல்லை; பெயர்ப்பலகையும் இல்லை. மாதத்தில் ஒரு ஞாயிறு காலை, காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கை ஒன்றிற் கூடுவோம். பொனற்றைத் திறந்து வைத்துக்கொண்டு பேசுவோம். பின்னர் காலிமுகத்திடல் வரை வரிசையாகச் சென்று திரும்புவோம். அந்த ஒழுங்கை கொள்ளாத கூட்டம் வந்த காலமும் இருந்தது. இன்று வருவோரை எண்ணுவதற்கு ஒரு கை விரல்களே அதிகம். சென்ற கூட்டத்தில், வட்டத்தைக் கலைத்துவிட்டுக் கையிருப்புப் பணத்தை ஏதேனும் தருமத்துக்குக் கொடுத்துவிடலாம் என்றொரு யோசனை எழுந்தது. அதை முன்வைத்தவர் என் மதிப்புக்குரிய மூத்த நண்பர். "காரும் குறைந்து போச்சு, காரை வைத்திருக்க ஆளும் குறைந்து போச்சு. ஆருக்காகத் தம்பி கூட்டம்?" என்று அவர் கேட்டார். முடிவு அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டிருக்கிறது. கலைக்கக்கூடாது என்ற கட்சியில் நிற்பவன் நான். என் பக்கத்து நியாயத்தை இங்கே எழுதுகிறேன்.

நண்பர் சொல்வதில் உண்மை இல்லாமலில்லை. 1983ஆம் ஆண்டு யூலை மாதத்தில் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வீடுகளோடும் கடைகளோடும் வாகனங்களும் எரிந்தன. எரியாமல் எஞ்சியவற்றை வந்த விலைக்கு விற்றுவிட்டும், விற்க அவகாசமின்றி வளவிலே விட்டுவிட்டும் எத்தனையோ குடும்பங்கள் கடல் கடந்தன. கொட்டாஞ்சேனையில் ஒரு வீட்டின் பின்புறத்திலே ஹில்மன் கார் ஒன்று கிடப்பதைப் பார்த்திருக்கிறேன். ஈவதற்கு ஒரு பாரி இல்லாமலே கொடி தானாக ஏறி அதன் கூரையை மூடிவிட்டது. பின்னர் தொடர்மாடிகள் வந்தன. வளவும் கிணறும் தென்னையுமாக இருந்த வெள்ளவத்தை வீடுகள் இடிக்கப்பட்டு, குடும்பத்துக்கு ஒரு தரிப்பிடம் என்றாயிற்று. அந்த ஓரிடத்திலே, கிழமையில் ஆறு நாள் ஓடாத காரை நிறுத்தி வைக்க எந்த இல்லத்தரசி சம்மதிப்பாள்?

மூன்றாவது காரணம் பணம். 2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு அக்கதவு மீண்டும் திறந்தது 2025ஆம் ஆண்டு பெப்ரவரியிலே தான். இடைப்பட்ட காலத்தில் நாட்டிலுள்ள ஒவ்வொரு நாற்சில்லு வண்டியும் பொன்னாயிற்று. 2022ஆம் ஆண்டின் பெற்றோல் வரிசைகளையும் பங்கீட்டையும் வாசகர் மறந்திருக்கமாட்டார். அந்நாட்களில், காரைத் தெருவுக்குக் கொண்டுவந்து காட்டுவதைவிடத் துணியால் மூடி வைப்பதே புத்தி என்று பலர் நினைத்தனர். கூட்டத்துக்கு வந்த சிலரும் எஞ்சினைப் பாராமல் விலையையே விசாரித்தனர். விலை கேட்பவன் ரசிகன் ஆவதில்லை, வாங்கியதும் போய்விடுவான்.

இவையெல்லாம் வெளியிலிருந்து வந்த இடர்கள். நமக்குள்ளேயே ஒரு குறை இருக்கிறது. இத்தனை வயதுக்கு மேற்பட்ட காரொன்றின் சொந்தக்காரராய் இருத்தல் வேண்டும் என்பது நம் வட்டத்தின் முதல் விதி. இந்த வழக்கம் மேல்நாட்டிலிருந்து வந்தது. பிரித்தானியாவில் மிகப் பழைய கார்களுக்கான கழகம் 1930ஆம் ஆண்டிலும், பழைய பந்தயக் கார்களுக்கான மற்றொன்று 1934ஆம் ஆண்டிலும் தோன்றின. இரண்டாவது கழகத்தைத் தொடங்கியோர் பெரும் செல்வரல்லர். புதிய கார் வாங்க வசதியற்ற இளைஞர்கள். பழைய காரொன்றை வாங்கி, தாமே படுத்து, தாமே கழற்றி, தாமே பூட்டி ஓட்டினர். அங்கே சொந்தக்காரனும் கம்மியனும் பெரும்பாலும் ஒருவனே. ஆகவே சொந்தக்காரரின் கழகம் என்பது அறிந்தவரின் கழகமாகவும் இருந்தது.

இலங்கையில் நிலைமை வேறு. இலங்கை மோட்டார்ச் சங்கம் 1904ஆம் ஆண்டிலேயே உருவாகிவிட்டது; அந்த அளவுக்கு இத்தீவில் கார் மோகம் பழையது. நுவரெலியாவில் மகாகஸ்தொட்டை மலையேற்றப் போட்டி 1934ஆம் ஆண்டில் ஆரம்பமாயிற்று. யுத்தத்துக்காக அமைத்த கட்டுக்குருந்தை விமானத் தளத்திலே பின்னர் கார்ப் பந்தயங்கள் நடந்தன. ஆனால் இங்கே காரை வைத்திருந்தவர் பின்னாசனத்தில் அமர்ந்தார். முன்னே இருந்த சாரதிக்குத்தான் காரின் குணம் தெரியும். கராஜிலே இருந்தவருக்கோ அதன் குடலே தெரியும். அப்படிப்பட்ட நாட்டிலே சொந்தக்காரரை மாத்திரம் சேர்த்துக் கழகம் அமைத்தால், காரைப் பற்றிக் குறைவாக அறிந்தவர்களின் கழகமாக அது முடிவது இயல்பே. இப்படிச் சொல்வதால் எங்கள் வட்டத்தில் எனக்கு இரண்டொரு நண்பர் குறையலாம். இருப்பவரே நாலைந்து பேர் என்பதால் அதை நான் இலேசாகச் சொல்லவில்லை.

நம் நாட்டிலே இப்பழைய கார்கள் எவ்வாறு உயிர் தப்பின என்பதை எண்ணிப் பார்க்கட்டும். அறுபதுகளில் அந்நியச் செலாவணிப் பஞ்சம் வந்து கார் இறக்குமதி சுருங்கியது. 1977ஆம் ஆண்டின் பொருளாதார மாற்றம் வரும் வரை, நாட்டிலிருந்த கார்களே ஓடவேண்டியிருந்தன. பத்து ஆண்டு வாழ்வதற்கென்று செய்யப்பட்ட ஒஸ்ரினும் மொறிஸும் முப்பது ஆண்டு, நாற்பது ஆண்டு வாழ்ந்தன. உதிரிப்பாகம் வராதபோது பாகத்தையே இங்கே செய்தார்கள். மருதானைக்கு அருகே பஞ்சிகாவத்தையிற் கடை கடையாக ஏறி, ஒரு காரின் உறுப்பை வேறொரு காருக்குப் பொருந்துமாறு கடைந்தெடுத்துக் கொடுத்தார்கள். இக்கைத்திறன் எவ்வளவு தூரம் போயிற்றென்பதற்கு மொறிஸ் மைனரே சாட்சி. அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து 1948ஆம் ஆண்டில் வெளிவந்த அக்கார் பதினாறு இலட்சத்துக்கு மேல் உற்பத்தியாகி, பின் நின்றுபோயிற்று. இங்கிலாந்தின் பாத் நகரில் மொறிஸ் மைனர்களைப் புதுப்பித்து வந்த சார்ள்ஸ் வெயர் என்பவர், அதற்கு வேண்டிய தகட்டுப் பாகங்களைச் செய்விக்கத் தேடி வந்த இடம் நமது காலி. தொண்ணூறுகளிலே காலித் தொழிலாளர் கையாலே தட்டி எடுத்த தகடுகள், அக்கார் பிறந்த நாட்டுக்கே கப்பலேறின. ஆங்கிலேயருக்குத் தெரிந்த நம்மவர் திறமை, ஒழுங்கைக்கு அப்பால் இருக்கும் நமக்குத் தெரியவில்லை.

யாழ்ப்பாணத்தின் கதை இதனினும் பெரிது. 1990ஆம் ஆண்டு முதல் பொருளாதாரத் தடையினால் அங்கே பெற்றோல் அரிதாயிற்று. ஆயினும் ஒஸ்ரின் ஏ 40, கேம்பிரிட்ஜ், மொறிஸ் ஒக்ஸ்பேர்ட் முதலிய கிழட்டு வண்டிகள் மண்ணெண்ணெயிலே ஓடின. நோயாளியை ஆசுப்பத்திரிக்கும், மணமக்களைக் கோவிலுக்கும் ஏற்றிச் சென்றன. மண்ணெண்ணெய் குளிர்ந்த எஞ்சினிலே இலகுவில் ஆவியாகாது. ஆகவே சில துளி பெற்றோலைக் காபரேற்றரின் வாயில் விட்டு எஞ்சினை உயிர்ப்பித்து, அது சூடேறும்போது மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள். பெற்றோலைத் தீர்த்தம் போல அளந்து வைத்திருந்தவர்களை வாசகரிற் பலர் கண்டிருப்பீர்கள். புதிய கார் எதுவும் இந்த வித்தைக்கு இணங்கியிராது. ஏனெனில் உயர்ந்த அழுத்தத்தில் இயங்கும் எஞ்சினில் மண்ணெண்ணெய் காலந்தப்பி வெடித்துப் பிஸ்ரனை அடிக்கும். பழைய ஒஸ்ரினின் தாழ்ந்த அழுத்தமே அதைக் காப்பாற்றியது. எரியாது எஞ்சிய மண்ணெண்ணெய் கீழிறங்கி எஞ்சின் ஒயிலை நீராக்கும். அதை மாற்ற ஒயிலுக்கும் தட்டுப்பாடு. இத்தனைக்கும் மத்தியிலே எந்த ஓசை ஆபத்து, எந்தப் புகை பொறுக்கத்தக்கது, எப்போது நிறுத்தவேண்டும் என்று காதாலும் மூக்காலும் அறிந்தவர்கள் வாழ்ந்தார்கள். பெற்றோல் உள்ள நாட்டுக்காக அச்சிடப்பட்ட கைநூலில் இந்த அறிவுக்கு ஒரு பக்கமும் இல்லை. அந்தக் கைகள் இப்போது நடுங்கத் தொடங்கிவிட்டன. நான் அவசரப்படுவதற்குக் காரணம் இதுவே.

இனி எங்கள் வட்டத்துக்கு வருவோம். மழைக்கு மறுநாட் கூட்டமொன்றில் உறுப்பினர் ஒருவரின் ஒஸ்ரின் உயிர்க்க மறுத்தது. பற்றரி என்றார் ஒருவர். பெற்றோற் பம்பு என்றார் மற்றவர். வாதம் அரை மணி நேரம் நீண்டது. கொட்டாஞ்சேனைக் கராஜ் ஒன்றில் வேலை செய்யும் இளைஞர் ஒருவர், வேறு காரியமாக அவ்வழி வந்தவர், சற்று நின்று கேட்டார். "டிஸ்ரிபியூற்றர் மூடிக்குள்ளே ஈரம், ஐயா" என்றார். மூடியைக் கழற்றித் தன் சட்டை நுனியால் துடைத்துப் பூட்டினார். கார் உறுமிற்று. அவரை உறுப்பினராக்கவேண்டும் என்று அன்றே முன்மொழிந்தேன். "என்ன கார் வைத்திருக்கிறார்?" என்பது முதற் கேள்வி. அதுவே கடைசிக் கேள்வியும் ஆயிற்று.

கதவைத் திறந்துவிட்டால் வட்டம் கராஜ் ஆகிவிடும் என்று அஞ்சுகிறார்கள். ஆகட்டுமே! பழைய காருக்குக் கராஜைவிடப் பொருத்தமான சபை எது? அரும்பொருட்சாலை அமைக்கலாமே என்பாரும் உளர். கோயம்புத்தூரில் ஜி.டி. நாயுடு குடும்பத்தாரின் கார் அரும்பொருட்சாலை 2015ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது, நல்ல பணி. ஆனால் அத்தகைய சாலைக்கு வேண்டிய பணமும் நிலமும் நம்மிடம் இல்லை. நம்மிடம் இருப்பது ஓட்டத்தை அறிந்தவர்களே. பிரித்தானியக் கழகங்களும் தம் உறுப்பினர் நரைத்துவருவதைக் கண்டு கலங்கியவைதாம். அங்கே பழைய கார்ப் பழுதுபார்ப்பை இளைஞருக்கான தொழிற்பயிற்சியாக்கி, பைசெஸ்ரர் என்னும் பழைய விமானப்படைத் தளத்திலே கற்பிக்கிறார்கள். சென்னையில் 1953ஆம் ஆண்டு தோன்றிய மோட்டார்ப் பந்தயக் கழகம் சோழவரத்து ஓடுபாதையோடு முடிந்துவிடாமல், இருங்காட்டுக்கோட்டையிலே தனக்கென்று ஒரு களம் அமைத்துக்கொண்டது. செய்வதற்கு வேலையுள்ள கழகத்துக்கு ஆள் வருகிறது. ஊர்வலம் போவது மாத்திரமே வேலையாக இருந்தால், ஊர்வலத்தில் அலுத்தவர் வீட்டிலிருந்துவிடுவார்.

ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் இதிலே ஒரு பங்கு உண்டு. கராஜிலே வழங்கும் தமிழை எவரேனும் செவிகொடுத்துக் கேட்டிருக்கிறோமா? கைதேர்ந்த தொழிலாளியை அங்கே 'பாஸ்' என்பார்கள். ஒல்லாந்தர் விட்டுச்சென்ற சொல் அது. தோணியின் சுக்கான் சிங்களத்திலே 'சுக்கானம' என்று காருக்கு ஏறிவிட்டது. அதன் மூலமோ அரபு. யாழ்ப்பாணத்தார் சக்கரம் என்னாது சில்லு என்கின்றனர். தமிழரும் சிங்களவரும் முஸ்லிம்களும் ஒரே எஞ்சினுக்குள் தலையை நீட்டிப் பேசியதால் விளைந்த மொழி இது. கலைச்சொல்லாக்கத்தைப் பற்றி மேடைதோறும் பேசுகின்ற நாம், செய்கிறவன் வாயில் வாழும் சொல்லைப் பொறுக்கி எடுப்பதற்கு ஒரு காலைப் பொழுதைச் செலவிடலாகாதா?

நான் கொண்டுவரும் திருத்தம் சிறியது. பழைய கார் உடையவர், அதைப் பழுதுபார்க்க அறிந்தவர், கற்க விரும்புபவர் ஆகிய மூவகையாரும் சம உறுப்பினர். மாணவருக்குச் சந்தா இல்லை. கையிருப்புப் பணத்தைத் தருமத்துக்குக் கொடுப்பதற்கு முன், ஆண்டுக்கு ஒரு செத்த காரையாவது உயிர்ப்பிக்கச் செலவிடவேண்டும். வேலையைச் செய்பவருக்கு உரிய கூலியையும் அதிலிருந்தே கொடுக்கவேண்டும். இலவசமாக வித்தையைக் கேட்கும் பழக்கம் நமக்கு வேண்டாம்.

இப்போதைய விதிப்படி வாக்களிக்கும் உரிமை கார் உள்ளவருக்கே. ஆகவே திருத்தத்தின் கதி என்னாகுமென்று ஊகிப்பது கடினமன்று. எனினும் மாணவர் இருவர் என்னோடு வர இசைந்திருக்கின்றனர். கொட்டாஞ்சேனையிலே முதிய பாஸ் ஒருவர், தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்திலே ஏ 40 ஓட்டியும் திருத்தியும் வாழ்ந்தவர், ஞாயிறு காலை பத்து மணிக்குப் பின்பு வரச் சொல்லியிருக்கிறார். பத்து மணிக்கு முன்பு அவருக்கு வேலை இருக்கிறதாம்.