பத்து ரூபாய் வாங்கிக்கொண்ட தாத்தா

கோட்டையூர், காரைக்குடி, புதுவயல் பக்கம் யாராவது ‘மதுரைக்குக் கொண்டு போயிட்டாங்க’ என்று சொன்னால், மேற்கொண்டு விளக்கம் கேட்க மாட்டார்கள். நோயாளி பெரியாஸ்பத்திரியில் இருக்கிறார் என்று அர்த்தம். சிவகங்கையில் அரசு மருத்துவக் கல்லூரி வந்ததே 2012-ல்தான். அதுவரைக்கும் பெரிய வியாதியோ விபத்தோ, வசதி இல்லாதவர்களுக்கு மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனைதான் கதி. பழைய ஆட்கள் வாயில் இன்றைக்கும் அது எர்ஸ்கின் ஆஸ்பத்திரி.

நோயாளிக்கு உள்ளே கட்டில் உண்டு, மருந்து உண்டு, சாப்பாடும் உண்டு. கூட வந்தவர் பாடுதான் திண்டாட்டம். மஞ்சள் பையில் இருக்கிற காசை வெளியே எழுதிக் கொடுக்கும் மருந்துக்கு வைப்பதா, ஊர் திரும்ப பஸ்ஸுக்கு வைப்பதா என்று எண்ணி எண்ணிப் பார்ப்பார். கடைசியில் வெட்டு விழுவது அவர் வயிற்றில். “பசிக்கலைப்பா, இப்பத்தான் டீ குடிச்சேன்” என்று வராந்தாவில் துண்டை விரித்துப் படுத்துவிடுவார். ஆஸ்பத்திரி வாசலைப் பார்த்தவர்கள் எல்லோருக்கும் தெரிந்த பொய் அது.

இப்படிப்பட்டவர்களைத் தேடி வரவைத்த கடை ஒன்று மதுரை அண்ணா பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் இருந்தது. ராமு தாத்தா கடை. பத்து ரூபாய்க்குச் சாப்பாடு. சோறு, சாம்பார், ரசம், மோர் என்று வயிறு நிறைய. ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள், கலெக்டர் ஆபீஸுக்கு மனு கொடுக்க வந்தவர்கள், கூலித் தொழிலாளிகள், படிக்கிற பிள்ளைகள் என்று எல்லோரும் அங்கே ஒரே பந்தி.

1967-ல் ஒன்றேகால் ரூபாய்க்குச் சாப்பாடு போட ஆரம்பித்தவர் ராமு. விலையை ஏற்றாமல் இல்லை, ஏற்றினார். ஆனால், அரை நூற்றாண்டு கழித்தும் அந்த ஒன்றேகால் ரூபாய் பத்து ரூபாயைத் தாண்டவில்லை, அவ்வளவுதான். இந்தக் கணக்கைத் தங்கத்தோடு வைத்துப் பார்த்தால் குடும்பப் பெண்களுக்குச் சட்டென்று புரியும். 1967-ல் ஒரு பவுன் நூறு ரூபாய்க்குள். 2020 ஜூலையில் அதே பவுன் 37,000 ரூபாயைத் தாண்டி நின்றது. தங்கம் முந்நூறு மடங்குக்கு மேல் ஏறிய காலத்தில், ராமு கடைச் சோறு ஏறியது எட்டு மடங்கு.

ராமுவுக்கு வழிகாட்டி வடலூர் வள்ளலார். பசித்தவர் யாராக இருந்தாலும் சாதி, மதம், ஊர் கேட்காமல் சோறு போட வேண்டும் என்று 1867 மே 23-ல் வடலூரில் சத்திய தருமச்சாலையைத் தொடங்கியவர் அவர். அன்றைக்கு மூட்டிய அடுப்பு இன்றைக்கும் அணையாமல் எரிகிறது. அந்த அடுப்பு மூட்டி சரியாக நூறாவது வருஷம், மதுரையில் ஒரு சாதாரண மனிதர் தன் கடை அடுப்பைப் பற்றவைத்திருக்கிறார்.

ஒரு வித்தியாசம் உண்டு. வடலூரில் சோறு இலவசம். ராமு காசு வாங்கினார். வள்ளலார் வழி என்று சொல்லிக்கொண்டு பத்து ரூபாய் எதற்கு என்று கேட்கத் தோன்றலாம். அரிசி, பருப்பு வாங்கக் கையில் முதல் வேண்டும் என்பது ஒரு காரணம். ஆனால், சாப்பிட வந்தவர் பக்கம் உட்கார்ந்து யோசித்தால் அந்தப் பத்து ரூபாயின் அருமை வேறு.

ஊரில் ஆடும் மாடும் வைத்து, யாரிடமும் கை நீட்டாமல் வாழ்ந்த மனுஷன் அவர். விதி, பெரியாஸ்பத்திரி வராந்தாவில் கொண்டுவந்து உட்காரவைத்துவிட்டது. அன்னதான வரிசையில் போய் நிற்கக் கால் கூசும். தெரிந்த முகம் பார்த்துவிடுமோ என்று பயம். அதே ஆள் பத்து ரூபாய் நோட்டை எடுத்துக் கொடுத்தால், அங்கே அவர் வாடிக்கையாளர். “இன்னும் கொஞ்சம் ரசம் ஊத்துங்க” என்று உரிமையோடு கேட்கலாம். தட்டை நிமிர்ந்து பார்த்துச் சாப்பிடலாம். சோற்றோடு சேர்த்து இந்த உரிமையையும் பரிமாறியதால்தான், கடைக்காரராக இருந்தவர் ஊருக்கே தாத்தா ஆனார்.

எண்பதைக் கடந்தும் கடையை விடவில்லை. 2020 ஜூலையில் அவர் காலமானபோது மதுரை கொரோனா ஊரடங்கில் முடங்கிக் கிடந்தது. ஐம்பது வருஷமாக அவர் கையால் சாப்பிட்டவர்கள் நினைத்தாலும் திரண்டு வர முடியாத நேரம். மாலை போட முடியாதவர்கள் செல்போனில் அவர் படத்தை ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொண்டார்கள். எத்தனையோ ஊர்களில் எத்தனையோ பேர், ஒரு கஷ்ட காலத்தில் அந்தக் கடையில் சாப்பிட்ட மதியங்களை அன்றைக்கு வீட்டில் சொல்லியிருப்பார்கள்.

மேல்நாட்டு ஊர்களில் தெருமுனை மதுக்கடையில் ஊற்றிக் கொடுப்பவருக்கு இப்படி ஒரு இடம் உண்டு. வருகிறவர் பெயர் தெரியும், மனக்குறை தெரியும், எப்போது பேச்சுக் கொடுக்க வேண்டும், எப்போது சும்மா விட வேண்டும் என்பதும் தெரியும். அவர் இறந்தால் தெருவே கூடி நின்று வழியனுப்பும். தமிழ்நாட்டில் அந்த இடம் டீக்கடை மாஸ்டருக்கும் மெஸ்காரருக்கும் இட்லி ஆயாவுக்கும். கோவை பக்கம் வடிவேலம்பாளையத்தில் ஒரு ரூபாய்க்கு இட்லி விற்ற கமலாத்தாள் பாட்டியை நாடே அறியும்.

2013-ல் தொடங்கிய அம்மா உணவகத்திலும் இட்லி ஒரு ரூபாய், சாம்பார் சாதம் ஐந்து ரூபாய்தான். ஆனால், அங்கே நஷ்டத்தைத் தாங்க அரசாங்கம் இருக்கிறது. தனி மனிதர் கடையில் நஷ்டமோ உழைப்போ ஒரு குடும்பத்தின் தலையில். விறகு முதல் விளக்குமாறு வரை கணக்குப் பார்த்து, கூலிக்கு ஆள் வைக்காமல் வீட்டு ஆட்களே வேகவைத்து, பரிமாறி, கழுவி ஓட்டுகிற வண்டி அது. அதனால்தான் இழுத்தவர் போய்விட்டால் வண்டி நிற்கிற ஆபத்து எப்போதும் இருக்கிறது. பேரப்பிள்ளைகளிடம் அதே விலைக்குப் போடச் சொல்ல யாருக்கும் உரிமையும் இல்லை.

பக்கத்துத் தெருவிலும் இப்படி ஒருவர் இருப்பார். காலை ஐந்து மணிக்கு அடுப்பைப் பற்றவைப்பவர், கையில் காசில்லாத பிள்ளைக்கு “நாளைக்குக் குடு தம்பி” என்று பொட்டலத்தை நீட்டுபவர். பத்து வருஷமாக அவரிடம் வாங்கிச் சாப்பிடுகிற பல பேருக்கு அவர் பெயர் தெரியாது. கேட்டுத் தெரிந்துகொள்ள ஒரு நிமிஷம் போதும். மீதிச் சில்லறைக்காகக் கை நீட்டாமல் வரலாம். தட்டில் போட்டதை வீணாக்காமல் சாப்பிடலாம். “இன்னைக்குச் சாம்பார் நல்லா இருந்துச்சு, ஐயா” என்று ஒரு வார்த்தை சொல்லலாம். கண்ணீர் அஞ்சலி போஸ்டரில் அச்சடிக்கிற வார்த்தைகளை அவரால் படிக்க முடியாது. இதைக் காது குளிரக் கேட்க முடியும்.