நிலை 3 எண்டால் என்ன?

“நிலை 3 எண்டால் இதைச் செய்” எண்டு கோடில் எழுதிப்போட்டுப் போறவர்களோடு எங்களுக்குச் சண்டை இருக்கிறது. 3 எண்டால் என்ன? ஓடர் அனுப்பியாச்சா, ரத்தாச்சா? எழுதினவருக்கே ஆறு மாதத்தில் மறந்துபோகும்.

சி மொழியில் இதற்குத்தான் எனம் இருக்கிறது. 1989 ஆன்சி தரத்திலேயே அதற்கு இடம் உண்டு. “அதுவும் உள்ளுக்குள்ள முழு எண்தானே, டிஃபைன் காணும்” என்பார்கள். எண்தான். நாலு பெயர் உள்ள எனம் மாறிக்குள் 7ஐப் போட்டாலும் சி தடுக்காது. இதை மறுக்கவில்லை. ஆனால் டிஃபைன் பெயர்கள் கொம்பைலரிடம் போய்ச்சேர முதலே வெறும் எண்களாகிவிடும். எனம் அப்படியில்லை. ‘திருப்பியது’ எண்டு புதிதாக ஒரு நிலையைச் சேர்த்துவிட்டு, சுவிட்சில் அதை மறந்துபோனால், மைனஸ் வோல் போட்டு ஓட்டின ஜிசிசி அந்தப் பெயரைச் சொல்லியே எச்சரிக்கும். இரண்டு நிபந்தனை: மாறியும் எனம் வகையாக இருக்கவேணும், சுவிட்சில் டிஃபோல்ட் போட்டு அதன் வாயை அடைக்கக் கூடாது.

பெயர் வைக்க ஒரு நிமிடம் காணும். அந்தப் பஞ்சியில், பிறகு வாறவரை 3ஐயும் 4ஐயும் பாடமாக்கச் சொல்லுறது அநியாயம்.