கணக்கில் சேர வேண்டிய நீர்

2019ஆம் ஆண்டில் சிங்கப்பூர் புதிய தரவு மையங்களுக்கான அனுமதியை நிறுத்தி வைத்தது. 2022ஆம் ஆண்டில்தான் கட்டுப்பாடுகளுடன் மீண்டும் அனுமதித்தது. இக்காலத்தில் முதலீட்டாளர் பலரின் பார்வை அண்டையிலுள்ள ஜொகூரின் பக்கம் திரும்பியது. கூலாய் மாவட்டத்துச் செடெனாக் போன்ற இடங்களில் தரவு மையங்கள் எழுந்தன.

தரவு மையங்களில் கணினிகள் இரவு பகலாக இயங்கும். அவற்றின் வெப்பத்தைத் தணிக்க, நீரை ஆவியாக்கிக் குளிரூட்டினால் மின்சாரம் மிச்சமாகும். ஆனால், நீர் மிகுதியாகச் செலவாகும். காற்றால் குளிரூட்டினால் நீர் மிச்சமாகும்; மின்செலவு கூடும். ஆகவே, பொறியாளரின் முடிவு மக்களின் குழாய்நீரையும் பாதிக்கக்கூடும்.

இம்முடிவை எடுக்க அளவுரு வடிவமைப்பு மென்பொருள் பெரிதும் துணைபுரியும். கணினிகளின் எண்ணிக்கை, அறையின் உயரம், நீரின் வெப்பநிலை ஆகியவை இதில் அளவுருக்கள் எனப்படும். ஒன்றை மாற்றினால், அதனோடு இணைக்கப்பட்ட குழாய்களின் விட்டமும் மின்தேவையும் தாமாகவே மாறும். தனித்தனித் தாள்களைத் திருத்தும் பழைய முறையில் இதற்குப் பல நாள்கள் ஆகும். புதிய முறையிலோ பல திட்டங்களை விரைவில் ஒப்பிடலாம். கட்டடம் எழுந்தபின் குழாயை மாற்றுவதைவிடத் திரையில் மாற்றுவது எளிது, செலவும் குறைவு.

எனினும், மென்பொருள் ஒன்றே போதும் என எண்ணுவது தவறு. குளிர்நாட்டு வானிலை அளவுகளைக் கொடுத்தால், வெப்பமும் ஈரப்பதமும் மிக்க ஜொகூருக்குப் பொருந்தாத விடையே கிடைக்கும். நீரின் அளவைச் சேர்க்காவிட்டால், மென்பொருள் அதைப் பொருட்படுத்தாது. கணக்கிடுவது கருவியின் வேலை. எதைக் கணக்கிட வேண்டும் எனத் தீர்மானிப்பது மனிதரின் கடமை. அக்கடமையை உணர்ந்த பொறியாளரின் கையில்தான் இக்கருவி நாட்டுக்குப் பயன் தரும்.