இந்தியாவில் இல்லாத வங்கிக்கு எப்படி மார்க் போடுவது? இஸ்லாமிய வங்கி ஆய்வுகளில் விடுபடும் ஒரு கேள்வி

கிங்ஸ் சர்க்கிளைச் சுற்றியுள்ள மாட்டுங்கா வட்டாரத்தில் கல்லூரிகளுக்குப் பஞ்சமில்லை. போதார், ருய்யா, கால்சா, வெலிங்கர் என்று அடுத்தடுத்து இருக்கின்றன. வணிகவியலோ மேலாண்மையோ படிப்பவர் கடைசி ஆண்டில் ஒரு ப்ராஜெக்ட் எழுதியாக வேண்டும். பேங்கிங் பிரிவில் அடிக்கடி எடுக்கப்படும் தலைப்புகளில் ஒன்று, 'இஸ்லாமிய வங்கிகளின் நிர்வாகமும் செயல்திறனும்'. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் தலைப்பை எடுத்த மறுநாளே ஒரு சிக்கல் வரும். இந்தியாவில் ஒரு இஸ்லாமிய வங்கிகூட இல்லை.

அப்புறம் எதன் செயல்திறனை அளப்பது? பலர் மலேசியா, வளைகுடா வங்கிகளின் ஆண்டறிக்கைகளை இறக்கி, நாலு விகிதங்கள் போட்டு, 'இஸ்லாமிய வங்கியே மேல்' என்றோ 'வழக்கமான வங்கியே மேல்' என்றோ முடித்துவிடுகிறார்கள். இந்த அவசரத்தில் ஒரு கேள்வி விடுபடுகிறது: நஷ்டம் வந்தால் அது யார் தலையில் விழும்? இந்தியாவில் பல்லாயிரம் பேர் தங்கள் சேமிப்பை இழந்தது இந்தக் கேள்வியைக் கேட்காததால்தான்.

வட்டி வாங்காமல் வங்கி எப்படிச் சம்பாதிக்கும்?

தாராவியில் தோல் பை தைக்கும் பட்டறைக்காரர் ஒருவருக்கு 1 லட்ச ரூபாய் மிஷின் தேவை என்று வைத்துக்கொள்வோம். (அங்கே தோல் தொழில் வேரூன்றியதில் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து போன தமிழ் முஸ்லிம்களுக்குப் பெரிய பங்கு உண்டு.) வழக்கமான வங்கி கடன் கொடுத்து வட்டி வாங்கும். இஸ்லாமிய வங்கி அந்த மிஷினைத் தானே வாங்கி, அவருக்கு 1,12,000 ரூபாய்க்கு 12 தவணையில் விற்கும். இதற்கு 'முராபஹா' என்று பெயர். தவணை தள்ளிப்போனாலும் விலை ஏறாது. தாமதக் கட்டணம் வாங்கினால், அது வங்கியின் லாபத்தில் சேராமல் தர்மக் கணக்குக்குப் போக வேண்டும்.

'இதுவும் 12 சதவீத வட்டிதானே, பெயர்தான் வேற?' என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. வாங்குவதற்கும் விற்பதற்கும் இடைப்பட்ட நேரத்தில் மிஷின் வங்கியின் சொத்து. வழியில் உடைந்தால் வங்கிக்குத்தான் நஷ்டம். அந்த ரிஸ்க்குக்கான கூலிதான் லாபம் என்பது இஸ்லாமியச் சட்ட அறிஞர்களின் பதில். வங்கி அந்த ரிஸ்க்கை நிஜமாகவே சுமக்கிறதா, இல்லை காகிதத்தில் சில நிமிடம் மட்டும் சுமக்கிறதா என்பதுதான் இந்தத் துறைக்குள்ளேயே நடக்கும் பெரிய சண்டை.

டெபாசிட் பக்கம் விஷயம் இன்னும் ஆழமானது. 'முளாரபா' என்ற ஒப்பந்தத்தில் ஒருவர் பணம் போடுவார், இன்னொருவர் உழைப்பார். லாபத்தை முன்பே பேசிய விகிதத்தில் பிரித்துக்கொள்வார்கள். நஷ்டம் வந்தால், உழைத்தவரின் தவறோ அலட்சியமோ இல்லாதவரை, பணம் போட்டவருக்குத்தான். முதலீட்டு டெபாசிட் இந்த ஒப்பந்தத்தில்தான் ஓடுகிறது. அதாவது பணம் போட்டவர் நீங்கள், உழைப்பவர் வங்கி. அசல் திரும்பி வரும் என்ற உத்தரவாதம் கொள்கைப்படி கிடையாது.

நம்ம ஊர்ச் சட்டம் எங்கே இடிக்கிறது?

1949ஆம் ஆண்டு வங்கி ஒழுங்குமுறைச் சட்டத்தின் 8ஆவது பிரிவு, வங்கிகள் பொருள் வாங்கி விற்கும் வியாபாரம் செய்யக் கூடாது என்கிறது. முராபஹா அங்கேயே நின்றுபோகும். சொந்த உபயோகத்துக்கு இல்லாத அசையாச் சொத்தை 7 ஆண்டுக்கு மேல் வைத்திருக்க முடியாது என்கிறது 9ஆவது பிரிவு. வீட்டை வாங்கி நீண்ட காலத்துக்கு வாடகைக்கு விடும் 'இஜாரா'வுக்கு அது தடை. சட்டப்படி வங்கிகள் கட்டாயம் ஒதுக்க வேண்டிய தொகையில் பெரும்பகுதி அரசுப் பத்திரங்களில் இருக்கிறது. அவை வட்டி தருபவை. இது போக, வங்கி ஒரு முறையும் வாடிக்கையாளர் ஒரு முறையும் வீட்டைப் பதிவு செய்தால் முத்திரைத் தீர்வை இரண்டு தடவை.

இதெல்லாம் தீர்க்கவே முடியாத பிரச்சினைகள் இல்லை. பிரிட்டன் 2003-ல் இந்த இரட்டைத் தீர்வையை நீக்கியது. அடுத்த ஆண்டே அங்கே ஒரு முழுமையான இஸ்லாமிய வங்கிக்கு உரிமம் கிடைத்தது. டெபாசிட்டுக்கு உத்தரவாதம் கட்டாயம் வேண்டும் என்று அந்நாட்டு ஒழுங்குமுறை அமைப்பு பிடிவாதமாக இருந்தது. கடைசியில் வந்த சமரசம் சுவாரஸ்யமானது: வங்கி உத்தரவாதம் தர வேண்டும்; மத நம்பிக்கை காரணமாக அது வேண்டாம் என்று நினைக்கும் வாடிக்கையாளர் மறுத்துக்கொள்ளலாம். இலங்கையும் 2005-ல் வங்கிச் சட்டத்தைத் திருத்தி வழிவிட்டது. அங்கே அமானா வங்கி 2011 ஆகஸ்டில் வேலையைத் தொடங்கியது.

இங்கே? கிங்ஸ் சர்க்கிளில் ஹார்பர் லைன் ஏறி சிஎஸ்எம்டி-யில் இறங்கினால் ரிசர்வ் வங்கித் தலைமையகம் நடக்கிற தூரம்தான். அந்தக் கட்டடத்தில் இந்த ஃபைல் பத்து வருடத்துக்கு மேல் சுற்றியது. இப்போதுள்ள சட்டத்தில் முடியாது என்றது ரிசர்வ் வங்கியின் உள் ஆய்வுக் குழு. 2008-ல் ரகுராம் ராஜன் தலைமையிலான நிதித் துறைச் சீர்திருத்தக் குழு, வட்டியில்லா வங்கிச் சேவையைப் பரிந்துரைத்தது. 2015 டிசம்பரில் தீபக் மொஹந்தி குழு, இருக்கிற வங்கிகளிலேயே தனி 'ஜன்னல்' திறக்கலாம் என்றது. 2017 நவம்பரில், தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் வந்த கேள்விக்குப் பதில் வந்தது: எல்லாக் குடிமக்களுக்கும் வங்கிச் சேவை பெறப் பரந்த, சமமான வாய்ப்பு இருப்பதால் இதை மேலே கொண்டுபோவதில்லை. வட்டி வாங்க மனமில்லாமல் ஃபிக்ஸட் டெபாசிட் பக்கமே போகாதவருக்கு இது பதில் ஆகாது என்பது என் கருத்து.

கேரளத்தில் மாநில அரசு நிறுவனமான கேஎஸ்ஐடிசி பங்கு போட்டு ஒரு முயற்சி நடந்தது. மதச்சார்பின்மையைக் காரணம் காட்டி சுப்பிரமணியன் சுவாமி தொடர்ந்த வழக்கை 2011 பிப்ரவரியில் கேரள உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. ஆனாலும் அந்த நிறுவனத்தால் வங்கி ஆக முடியவில்லை. வங்கியல்லாத நிதி நிறுவனமாகத்தான் இயங்க முடிந்தது.

வெளிநாட்டு ஆய்வுகள் சொல்வது என்ன?

தோர்ஸ்டன் பெக்கும் இரு சக ஆய்வாளர்களும் 22 நாடுகளின் வங்கிகளை ஒப்பிட்டு 2013-ல் வெளியிட்ட கட்டுரை, இந்தத் துறையில் அதிகம் மேற்கோள் காட்டப்படுவது. இரு வகை வங்கிகளின் பிசினஸ் மாடலில் பெரிய வித்தியாசம் இல்லை என்றது அது. இஸ்லாமிய வங்கிகளுக்குச் செலவு அதிகம். ஆனால் கடன் தரமும் மூலதனமும் மேல். 2008-ல் சிஹாக், ஹெஸ்ஸே இருவரும் எழுதிய ஐஎம்எஃப் ஆய்வு, சிறிய இஸ்லாமிய வங்கிகள் உறுதியானவை, பெரியதாக வளர்ந்தவை அந்த அளவுக்கு இல்லை என்றது. வளர வளர ரிஸ்க்கை நிர்வகிப்பது கஷ்டம் என்பது அவர்கள் தந்த விளக்கங்களில் ஒன்று.

எனக்குப் பிடித்தது பாகிஸ்தான் ஆய்வு. பேலே, ஃபாரூக், ஒங்கெனா மூவரும் அங்கே 2006-08 காலக் கடன் பதிவுகளை எடுத்துப் பார்த்தார்கள். இஸ்லாமியக் கடன்களில் வராக்கடன் விகிதம், வழக்கமான கடன்களில் பாதிகூட இல்லை. ரமலான் மாதத்தில் தவறுவது இன்னும் குறைவு. விகிதங்களை மட்டும் அடுக்கும் ப்ராஜெக்ட்டில் இந்த மாதிரி விஷயம் கண்ணில் படாது. கடன் வாங்கியவர் மனதில் அந்தக் கடனுக்கு என்ன இடம் என்பதையும் சேர்த்து அளந்த ஆய்வு இது.

எதிர்ப்பக்கம் மலேசியா. 2009-ல் வெளியான சாங், லியு ஆய்வு, இஸ்லாமிய டெபாசிட்டின் லாப விகிதம் வழக்கமான வங்கி வட்டியை ஒட்டியே ஏறி இறங்குகிறது என்று காட்டியது. அசலான லாப நஷ்டப் பங்கீட்டில் போகும் கடன் மிகச் சொற்பம்.

ஏன் அப்படி? லாபம் குறைந்த வருடத்தில் டெபாசிட்காரருக்குக் குறைவாகக் கொடுத்தால், அவர் பணத்தை எடுத்துக்கொண்டு பக்கத்து வங்கிக்குப் போய்விடுவார். அந்தப் பயத்தில் வங்கி தன் பங்கை விட்டுக்கொடுத்தோ, நல்ல வருடத்தில் எடுத்துவைத்த இருப்பிலிருந்தோ சமன் செய்கிறது. காகிதத்தில் நஷ்டம் டெபாசிட்காரருக்கு, நடைமுறையில் பங்குதாரருக்கு. சொத்து மீதான வருவாயை மட்டும் பார்த்தால் இது தெரியாது. போதாததற்கு, டெபாசிட்காரருக்குக் கொடுத்த லாபத்தைச் செலவாகக் காட்டாமல், பங்கீடாகக் காட்டும் கணக்குமுறையும் உண்டு. அதைக் கழிக்காமல் ஸ்டேட் வங்கியோடு ஒப்பிட்டால், இஸ்லாமிய வங்கி அநியாயத்துக்கு லாபகரமாகத் தெரியும். ப்ராஜெக்ட்டுகள் வழுக்கி விழும் இடம் இது.

மும்பையில் உட்கார்ந்து எதை ஆராயலாம்?

ஷரியா பங்கு நிதிகள் ஒரு வழி. டாடா எத்திக்கல் ஃபண்ட் 1996 முதல் இருக்கிறது. நிஃப்டி 50 ஷரியா குறியீடும் உண்டு. தரவு எளிதாகக் கிடைக்கும். ஒரே எச்சரிக்கை: ஷரியா வடிகட்டலில் வங்கிப் பங்குகள் வெளியே போய்விடும். நிஃப்டியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு நிதித் துறைதான். ஆக, ஷரியா குறியீடு ஜெயித்ததா தோற்றதா என்பது பெரும்பாலும் அந்த வருடம் வங்கிப் பங்குகள் எப்படி இருந்தன என்பதைப் பொறுத்தது. அதை மதநெறியின் வெற்றி, தோல்வி என்று எழுதினால் வைவாவில் மாட்டிக்கொள்வீர்கள்.

இன்னொரு வழி கஷ்டமானது, ஆனால் தேவையானது: வட்டியில்லாக் கடன் தரும் கூட்டுறவுச் சங்கங்கள். மும்பைக்கு இதில் பழைய கதை உண்டு. 1976-ல் இங்கே தொடங்கிய பைத்துன் நஸ்ர் கடன் சங்கம், சிறுசேமிப்பைத் திரட்டி வட்டியில்லாக் கடன் கொடுத்தது, பின்னாளில் நின்றுபோனது. சோலாப்பூரின் லோக்மங்கல் கூட்டுறவு வங்கி 2016-ல் வட்டியில்லாக் கடன் திட்டம் ஒன்றைத் தொடங்கியபோது, அதோடு தொடர்புடைய சுபாஷ் தேஷ்முக் பாஜக அமைச்சராக இருந்தார் என்பது பலருக்கு ஆச்சரியம்.

இந்தச் சங்கங்களைப் படிக்கும்போது, பெங்களூரின் ஐ.எம்.ஏ. நிறுவனத்தையும் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். 'ஹலால் முதலீடு' என்று சொல்லி 4,000 கோடி ரூபாய் அளவுக்குத் திரட்டிய அந்த நிறுவனம் 2019 ஜூனில் சரிந்தது. நிறுவனர் துபாய்க்குப் போய், ஜூலையில் டெல்லியில் இறங்கியபோது கைதானார். பணம் போட்டவர்களில் பெரும்பாலோர் நடுத்தர, ஏழை முஸ்லிம்கள். லாபம் மட்டும் மாதாமாதம் தவறாமல் வந்துகொண்டிருந்தபோது, நஷ்டப் பங்கு எங்கே போனது என்று கேட்டவர் குறைவு. முளாரபாவில் அப்படி ஒரு நிலையான வருமானத்துக்கு இடமே இல்லை. அந்த ஒப்பந்தம் தெரிந்தவருக்கு அதுவே முதல் அபாய மணியாக இருந்திருக்க வேண்டும்.

வங்கியில் போட்ட பணத்துக்கு 5 லட்சம் வரை காப்பீடு உண்டு. கடன் சங்கத்தில் போட்டதற்கு இல்லை. எனவே ஒரு சங்கத்தை ஆய்வுக்கு எடுத்தால், லாப விகிதத்துக்கு முன்பே மூன்று விஷயங்களைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்: சேவைக் கட்டணம் நிஜச் செலவுக்கு ஈடா அல்லது மறைமுக வட்டியா, உபரிப் பணம் எங்கே போடப்பட்டிருக்கிறது, கடைசித் தணிக்கை எந்த ஆண்டுக்கானது. மூன்றாவதுக்குச் சங்கமே பதில் சொல்லாவிட்டால், கூட்டுறவுப் பதிவாளர் அலுவலகத்தில் கேட்கலாம்.